வள்ளத்தின் பின்னால் வந்தது

பிப்ரவரி 3, சனி

ஏழு வகைச் சோறு என்று கண்டுபிடித்தவர் வீட்டில் சமையலுக்கு ஆள் இருந்திருக்கும். எனக்கு நானேதான். நாளை விடிவதற்குள் ஏழையும் தூக்குச்சட்டிகளில் அடைத்து, வேனில் ஏற்றி, பரமக்குடியில் சம்பந்தி வீட்டுக்குப் போய், மகள் துர்காவுக்கு வளையல் அடுக்கி, கையோடு பிரசவத்துக்கு அழைத்துவர வேண்டும். ஒன்பதாம் மாதம். மாப்பிள்ளை சிங்கப்பூரில் இருந்துகொண்டு இந்த டைரியை மட்டும் எனக்கு அனுப்பி வைத்திருக்கிறார். அங்கன்வாடிப் பதிவேடு எழுதி எழுதித் தேய்ந்த கை, இதையும் எழுதட்டும்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் திருக்கை வலையைப் போடக் கிளம்பினார், அதுவும் இன்றைக்குப் பார்த்து. வலை போட்டால் விடிய விடிய வள்ளத்திலேயே காவல் கிடப்பார்கள். அவரும் அவர் கூட்டாளி கோட்டைச்சாமியும்தான் எப்போதும். நான் போனில் பிடித்துவிட்டேன்.

"வலையைப் போட்டுட்டுக் கரைக்கு வந்துருங்க. வெள்ளன வேன் வந்துரும்."

"காவல் இல்லாம எப்படி விட்டுட்டு வர்றது? வெள்ளன எடுத்துட்டு நேரா பரமக்குடிக்கு வந்துர்றேன்."

"மீன் வாடையோட சம்பந்தி வீட்டு வாசல்ல வந்து நிக்கப் போறீகளா? ஒரு நாளு கிடந்தா வலை என்ன அழுகியா போயிரும்?"

வந்துவிட்டார். கோட்டைச்சாமிக்கும் சந்தோஷம்தான், ஏழு வகைச் சோறு யாருக்குக் கசக்கும்.

பிப்ரவரி 4, ஞாயிறு

நல்லபடியாக முடிந்தது. துர்கா முகத்தில் மஞ்சள் பூசியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சாந்து கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஒரு விஷயம் மட்டும் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது. சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடும்போது சம்பந்தி அம்மா, "சேனை எங்க அண்ணன்தான் வைக்கணும், பேங்க் மேனேஜரா இருந்தவுக" என்றார். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலில் சீனித் தண்ணீர் தொட்டு வைப்பதுதான் சேனை. வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். நான் அங்கன்வாடியில், தாய்ப்பால் தவிர ஒரு சொட்டும் கொடுக்காதீர்கள் என்று தாய்மாருக்குப் பாடம் எடுப்பவள். ஆனாலும் என் பேரப்பிள்ளைக்கு நான்தான் வைக்க வேண்டும் என்று எத்தனையோ நாளாக ஆசை. அந்த அண்ணன் குணத்தைப் பந்தியில் பார்த்தேன். அப்பளம் நொறுங்கியிருந்ததற்குப் பரிமாறிய பையனை அந்த வாங்கு வாங்கினார்.

இவர் திரும்பும் வழியெல்லாம் வானத்தையும் காற்றையும் பார்த்துக்கொண்டே வந்தார்.

பிப்ரவரி 5, திங்கள்

விடியுமுன் இவரும் கோட்டைச்சாமியும் போனார்கள். மத்தியானத்துக்கு மேல்தான் வந்தார்கள். வலை வரவில்லை. பாறையில் மாட்டிக் கிழிந்துவிட்டதாம். அந்தப் பக்கம் பாறை இருப்பது எனக்கு இதுவரை தெரியாது.

ஆனால் வலைக்குப் பதிலாக வேறொன்று வந்தது! வள்ளத்தின் பின்னாலேயே ஒரு ஆவுளியாக் குட்டி. அதிகாரிகள் கடற்பசு என்பார்கள். எங்கள் ஊர் நண்டுமுனையில் ஆவுளியா என்போம். என் நெஞ்சு உயரத்துக்கு நீட்டிவிட்ட சுரைக்காய் போல, சாம்பல் நிறத்தில், கீழே பார்த்த வாயோடு. வள்ளம் நின்றதும் அதன் அடிவயிற்றில் மூஞ்சியைத் தேய்த்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது. ஊரே கரைக்கு ஓடிவந்தது. கரையில் அத்தனை வள்ளம் கிடக்க எங்கள் வள்ளத்தைத் தேடி வந்திருக்கிறது! துர்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "யம்மா, நல்ல சகுனம்மா" என்று சிரித்தாள். எனக்கும் பெருமைதான்.

இவர் மட்டும் அந்தக் கூட்டத்தில் நிற்கவில்லை. அடிபம்பில் நெடுநேரம் குளித்தார். எடுத்து வைத்திருந்த சர்க்கரைப் பொங்கலைத் தொடவில்லை.

பிப்ரவரி 6, செவ்வாய்

வனச்சரகர் வந்தார். பெனிட்டா என்று பெயர், சின்ன வயசுப் பெண். வந்ததும் பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்கிவிட்டார். எனக்குப் பிடித்துப்போனது.

இது பால்குடி மறக்காத குட்டியாம். கடல்புல் கொஞ்சம் கடிக்கும், பால் இல்லாமல் பிழைக்காது. முனைக்கு உள்ளே அலை அடங்கிய இடத்தில் கம்பு நட்டு, வலை கட்டி, குட்டியை அதற்குள் விட்டார்கள். தாய் பக்கத்தில்தான் தேடிக்கொண்டிருக்கும், வந்தால் சேர்த்துவிடலாம் என்பது ஏற்பாடு.

"வராட்டி?" என்று கேட்டேன்.

"தாய் இல்லைன்னு உறுதியானா அன்னைக்கே வண்டியில ஏத்திருவோம்மா. தொட்டி இருக்கிற இடத்துல டாக்டர் இருக்காங்க, குழாய் போட்டுப் பால் குடுப்பாங்க. ஆனா தாய் உயிரோட தேடிக்கிட்டு இருக்கும்போது நாம தூக்கிட்டுப் போனா அது பெரிய பாவம். மேல இருந்தும் முதல்ல தாயைத் தேடுன்னுதான் உத்தரவு."

பிறகு கரையில் நின்ற ஆண்களைப் பார்த்து, "யாராவது தாயைப் பாத்தீங்களா? தெரியாம வலையில மாட்டிச் செத்திருந்தாலும் சொல்லுங்க. நான் யாரையும் பிடிச்சிட்டுப் போக வரலை" என்றார். ஆளுக்கொரு பக்கமாக வலையை உதறக் கிளம்பிவிட்டார்கள். அதிகாரிகள் எல்லோரும் முதல் நாள் இப்படித்தான் பேசுவார்கள்.

எங்கள் வீட்டுக்குள் வந்தவர் சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைப் பார்த்துவிட்டு இவருக்குக் கைகொடுத்தார். மூன்று வருடத்துக்கு முன் இவர் காவல் கிடந்தபோது ஒரு பெரிய ஆவுளியா மாட்டி மிதவைகள் ஆடின. வலையை அறுத்து அதைப் போகவிட்டார். அதற்குக் கொடுத்தது. இவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார், பார்த்தேன். சாப்பிடாமல் கிடந்தால் சிடுசிடுப்பு வரத்தானே செய்யும்.

குட்டிக்குப் பால் புகட்டும் வேலையை எனக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கன்வாடிக்காரிக்குப் பழக்கமில்லாததா?

பிப்ரவரி 8, வியாழன்

பிள்ளைகள் அதற்குச் சிட்டு என்று பேர் வைத்துவிட்டார்கள். அது கத்தினால் குருவி கத்துவது மாதிரிதான் இருக்கிறது. அவ்வளவு உடம்புக்கு அவ்வளவு சின்னக் குரல்.

இடுப்பளவு தண்ணீரில் நின்று, டாக்டர் போனில் சொன்னபடி கலக்கிய பாலைக் குழாய் வைத்த பாட்டிலில் கொடுக்கிறேன். பாதி கடலுக்குப் போகிறது. புல்லை அலசி வாயருகே பிடித்தால் உதட்டு மயிரால் என் விரலைத் தடவிப் பார்க்கிறது. அங்கன்வாடியில் கஞ்சி வேண்டாமென்று உதட்டை இறுக்கிக்கொள்ளும் பிள்ளைகளைவிடத் தேவலை.

வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் தாங்கவில்லை. தொண்டியிலிருந்து மோட்டார் படகை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்து, வலையை ஒட்டி நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். ஒருவர் மாலை கொண்டுவந்தார். ஒரு அம்மாள் பசும்பாலை அப்படியே கடலில் ஊற்றினாள். பத்திரிகைக்காரர் என்னையும் சிட்டுவையும் சேர்த்துப் படம் எடுத்தார். தலை சீவவில்லையே என்று வருத்தமாக இருந்தது.

இவர் வள்ளத்தைக் கரையின் அந்தக் கோடிக்குக் கொண்டுபோய்க் கட்டிவிட்டார். அது கண்ணில் படாமல் போனதிலிருந்து சிட்டு ஒரே கத்தல். "அந்த வள்ளத்துல அதுக்கு என்னமோ ஒட்டுதல் இருக்கு, கொண்டாந்து பக்கத்துல கட்டுங்க" என்றேன். இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அப்படி ஒரு பார்வையை நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 9, வெள்ளி

கேஸ் சிலிண்டர் வந்தது. துர்காவுக்குக் கால் வீக்கம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினேன், பயமில்லை என்றார்கள்.

மத்தியானம் கோட்டைச்சாமி வந்தான். "மதினி, அண்ணன் ஒங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலையா?" என்று ஆரம்பித்தான். பிறகு என்னவோ சொன்னான். படகு மோட்டார் சத்தத்தில் எனக்குச் சரியாகக் காது கேட்கவில்லை.

பிப்ரவரி 10, சனி

கரையின் அந்தக் கோடிக்குப் போய் வள்ளத்தைக் கழுவினேன். நங்கூரக் கல்லைக் காணோம். கயிறும் இல்லை. புதிதாக ஒன்று கட்டச் சொல்ல வேண்டும்.

பின்பக்கத்து விளிம்பில் கயிறு அறுத்த தடம். எதையோ கனமாகக் கட்டி இழுத்திருந்தால் அப்படி ஆகும். வலையாக இருக்கும்.

பிப்ரவரி 11, ஞாயிறு

பத்திரிகையில் படம் வந்துவிட்டது. 'தாயான தமயந்தி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். சம்பந்தி அம்மா போன் செய்தார். குரலில் அப்படி ஒரு தேன்.

"எங்க தெருவே உங்களப் பத்தித்தான் பேசுது. சேனை நீங்கதான் வைக்கணும் சம்பந்தி. எங்க அண்ணனும் அதைத்தான் சொல்லிட்டாக. அந்தக் குணம் பிள்ளைக்கு வந்தாப் போதும்."

கேட்டதும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இல்லை என்று எழுதினால் பொய்.

சாயங்காலம் பெனிட்டா மேடம் கரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணெல்லாம் சிவந்து போயிருந்தது. தினமும் படகில் போய்த் தாயைத் தேடுகிறார். "தாய் செத்துப்போச்சுன்னு உறுதியா ஒரு வார்த்தை கிடைச்சா, இப்பவே வண்டி வரச் சொல்லிருவேன். நாளாக ஆக இது தாங்காதும்மா. உங்களுக்கு ஏதாவது காதுல விழுந்துச்சா?"

"எனக்கென்ன தெரியும் மேடம்" என்றேன்.

எனக்கு என்ன தெரியும்? நான் கடலுக்குப் போகிறவளா? துர்காவுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் வீட்டு வாசலில் ஜீப் வந்து நின்றால் அவள் தாங்குவாளா? ஜீப் வராது என்றுதான் மேடம் சொல்கிறார். அதை நம்பினாலும், மறுநாள் அதே பத்திரிகையில் இவர் படம் வரும். பரமக்குடியில் அந்தத் தெருவும் படிக்கும்.

பிப்ரவரி 13, செவ்வாய்

சிட்டு பாதிப் பால்தான் குடித்தது. மூச்சு வாங்க மேலே வருவதற்கே சிரமப்படுகிறது.

பெனிட்டா மேடத்திடம் நானாகவே போய், "தாய் வராது மேடம், தூக்கிட்டுப் போயிருங்க" என்றேன்.

"எப்படிம்மா அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

"மனசுக்குத் தோணுது."

என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "கிழக்க ஒரு பெரிய ஆவுளியா தலை காட்டினதா நேத்து ஒருத்தர் சொன்னார். அது தாயா இருந்தா? உங்க மனசை நான் மேல எழுதி அனுப்ப முடியாதேம்மா" என்றார். இன்னும் இரண்டு நாள் தேடுவார்களாம். ட்ரோன் வருகிறதாம்.

நான் என்னால் முடிந்ததைச் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 14, புதன்

தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

பிப்ரவரி 15, வியாழன்

காலையில் இவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். எங்கே என்றேன். "அந்தப் புள்ளைகிட்டச் சொல்லிட்டு வந்துர்றேன். சாகுறதைப் பாத்துக்கிட்டு இருக்க முடியல தமயந்தி" என்றார். கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் அடித்தது. காய்ச்சலோடு வெளியே போக வேண்டாம் என்றேன். துர்கா உள்ளே படுத்திருந்தாள், அவள் பக்கமாகக் கையைக் காட்டினேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

மாத்திரை கொடுத்தேன். ரசம் வைத்தேன்.

உண்மையில் காய்ச்சல் அப்படியொன்றும் பெரிதாக இல்லை.

பிப்ரவரி 16, வெள்ளி

சிட்டு செத்துப்போனது.

விடிந்து பால் கலக்கிக்கொண்டு போனேன். வலையின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தது, வள்ளம் கட்டியிருந்த அந்தக் கோடியைப் பார்த்தபடி. பிடித்துத் தூக்கி மூக்கைத் தண்ணீருக்கு மேலே கொண்டுவந்தேன். ஒரு தடவை மூச்சு விட்டது. அவ்வளவுதான். எவ்வளவு நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன் என்று தெரியாது. பெனிட்டா மேடம்தான் வந்து என் கையை விடுவித்தார். கரையில் உட்கார்ந்து அந்தப் பெண் வாய்விட்டு அழுதார். என்னைக் கட்டிப்பிடித்து, "உங்களால முடிஞ்சதையெல்லாம் செஞ்சீங்கம்மா" என்றார்.

கலக்கிக் கொண்டுபோன பாலைக் கடலில் ஊற்றினேன்.

அறுத்துப் பார்த்த டாக்டர் குடல் காய்ந்துபோயிருந்தது என்றார். ஒரு வாரம் முன்னாடி தொட்டிக்கு வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். ஒருவேளை என்றார். நான் பாத்திரத்தை அலசுகிற சாக்கில் நகர்ந்துவிட்டேன்.

பிப்ரவரி 17, சனி

அங்கன்வாடியில் பிள்ளைகள் சிட்டு எங்கே என்று கேட்டார்கள். அம்மாவிடம் போய்விட்டது என்றேன். ஒரு விதத்தில் பார்த்தால் அது பொய்யில்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

எனக்கும் ஒரு சான்றிதழ் தரப் போகிறார்களாம். இவருடையதற்குப் பக்கத்தில் மாட்ட ஆணி அடிக்கட்டுமா என்று துர்கா கேட்டாள். வேண்டாம், சுவர் பெயர்ந்துவிடும் என்றேன்.

இவர் கடலுக்குப் போவதில்லை. வள்ளத்தைக் கோட்டைச்சாமியை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவனும் எடுக்கவில்லை.

பிப்ரவரி 24, சனி

பேத்தி பிறந்திருக்கிறாள். ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில், காலையில். தாயும் பிள்ளையும் நலம். இதை முதல் வரியாக எழுத வேண்டும் என்றுதான் இந்த டைரி வந்த நாளிலிருந்து நினைத்திருந்தேன்.

சம்பந்தி அம்மா தயாராக வந்திருந்தார். வெள்ளிக் கிண்ணத்தில் சீனித் தண்ணீர். நர்ஸ் அந்தப் பக்கம் போகும்வரை முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்தார். பேங்க் அண்ணனும் வந்திருந்தார். எல்லோரும் என்னைச் சுற்றி நின்றார்கள். "வைங்க சம்பந்தி, நல்ல கை" என்று கிண்ணத்தை நீட்டினார்.

பிள்ளையை மடியில் வாங்கினேன். விரலைச் சீனித் தண்ணீரில் தொட்டும்விட்டேன். அப்போது அது பசியில் முகத்தைத் திருப்பி, என் இடுப்புச் சேலையில் வாயைத் தேய்த்தது. கண் திறக்காமல், இங்கும் அங்கும், பால் இருக்கிற இடம் இதுதான் என்று நினைத்துக்கொண்டு தேய்த்தது. நான் அதை இதற்கு முன் பார்த்திருக்கிறேன். எங்கள் வள்ளத்தின் அடிவயிற்றில் அந்தக் குட்டி அப்படித்தான் தேய்த்தது. வலையில் மாட்டிச் செத்த தன் தாயைக் கட்டி இழுத்துப்போன வள்ளம் அது. இவர் இழுத்துப்போய், நங்கூரக் கல்லைக் கட்டி, ஆழத்தில் விட்டிருக்கிறார். தாய் அந்த வள்ளத்தில்தான் இருக்கிறாள் என்று நினைத்து அது கரை வரைக்கும் வந்திருக்கிறது. துர்கா அதைச் சகுனம் என்றபோது நான் பெருமைப்பட்டேன்.

கோட்டைச்சாமி அன்றைக்குச் சொன்னது எல்லாமே எனக்குக் கேட்டது. மோட்டார் எதுவும் ஓடவில்லை.

"என் குணம் இந்தப் பிள்ளைக்கு வேண்டாம்" என்றேன். சத்தமாகவே சொன்னேன் போலிருக்கிறது. சம்பந்தி அம்மா சிரித்தார். "எம்புட்டு அடக்கம் பாத்தீகளா!" என்று அண்ணனிடம் சொன்னார். நான் கையைச் சேலையில் துடைத்தேன். கடைசியில் அந்த அண்ணன்தான் தொட்டு வைத்தார். வைக்கட்டும். அப்பளம் நொறுங்கியதற்குத் திட்டுகிற குணம் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், அதைத் தாங்கிக்கொள்ளலாம்.

பிள்ளை மறுபடி வீறிட்டு அழுதாள். துர்காவிடம் கொடுத்தேன். மாரில் வாய் பட்டதும் அடங்கிப்போனாள். அவளுக்குத் தாய் இருந்தாள்.

இவர் வார்டு வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அந்த இரவு வலைக்குக் காவல் கிடந்திருப்பார். மிதவை ஆடியிருக்கும். அறுத்து விட்டிருப்பார். நான் கூப்பிட்டதால் வந்தார். அது தெரியாமல் செய்தது. அதற்கப்புறம் நடந்ததெல்லாம் எனக்குத் தெரிந்து நடந்தது.

"ஏங்க, திங்கக்கிழமை போவோம்" என்றேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை.

பிப்ரவரி 25, ஞாயிறு

துர்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. பிள்ளையைத் தோளில் போட்டு நெடுநேரம் தட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு, "எனக்காகன்னு மட்டும் சொல்லாதம்மா" என்றாள்.

பிப்ரவரி 26, திங்கள்

மேடத்தின் ஆபீசுக்குப் போகக் காலை பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டோம். இவர் சுவரிலிருந்த சான்றிதழைக் கழற்றி, தூசி துடைத்து, மஞ்சப்பையில் வைத்துக்கொண்டார். திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். இன்று எனக்குச் சான்றிதழ் தருவதாக இருந்தது, மேடம் அதற்காகத்தான் நாங்கள் வருகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். போனில் ரொம்பப் பிரியமாகப் பேசினார். டீ வாங்கி வைக்கிறேன், சாப்பிடாமல் வாங்க என்றார்.